நட்சத்திரத்தை உடைத்த கை

டிசம்பர் 1, திங்கள்

புதிய கேமரா வந்துவிட்டது. கூரியர்காரன் கேட்டுக்கு மேலே தூக்கி எறிந்துவிட்டுப் போனான். எறிந்ததைப் பழைய கேமரா பிடித்திருந்தது. அந்தக் காட்சியை மட்டும் வெட்டியெடுத்துப் புகாரோடு அனுப்பினேன். அவன் வேலை போனால் போகட்டும்.

பெட்டி நசுங்கியிருந்தது, உள்ளே ஒன்றும் ஆகவில்லை. முன்வாசலில் மாட்டினேன். இருட்டிலும் நிறம் தெரிகிறது. தெருவுக்கு எதிர்ப்புறம் சுஜின் வீட்டுக் கொடியில் காயும் சட்டையின் பித்தான்கள்கூடத் தெரிகின்றன. பழைய கேமராவில் மனிதன் சேறு பூசிய பொம்மை மாதிரி இருப்பான். பத்துக்கு ஒன்பது. ஒரு மதிப்பெண் குறைத்தது, செயலியில் தமிழ் இல்லை என்பதற்காக.

என் மனைவி ராஜபாய் மீன் கழுவிக்கொண்டே கேட்டாள், "இது எத்தனாவது கேமரா?"

"ஆறு."

"வீட்டுல நாம மூணு பேருதான இருக்கோம்."

போன வருஷமே இது இருந்திருந்தால் எனக்கு ஒரு வருஷம் வீணாகியிருக்காது.

டிசம்பர் 3, புதன்

இன்று கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குக் குழாய் வெட்டினேன். இரண்டாம் முறை.

போன வருஷ நட்சத்திரம் இந்தப் பனவிளையில் யாரும் பார்த்திராத ஒன்று. ஒவ்வொரு விளக்கும் தனித்தனியாக நிறம் மாறும். என் மேசையில் உள்ள கணினிதான் அத்தனைக்கும் கட்டளை கொடுத்தது. வால் பகுதியில் வெளிச்சம் தண்ணீர் மாதிரி ஒழுகும். நிரல் எழுத எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அரசுப் பேருந்தில் நடத்துனராக இருந்த காலத்தில் டிக்கெட் மெஷின் நின்றுபோனால் டெப்போவில் எல்லாரும் அதைத் தட்டிப் பார்ப்பார்கள். நான் திறந்து பார்த்தேன். அங்கே தொடங்கியது. மீதியை இணையத்தில் படித்தேன்.

ஆனால் ஊர்ப் போட்டியில் சர்ச் வாலிபர் சங்கத்து நட்சத்திரத்துக்குப் பரிசு கொடுத்தார்கள். மூங்கிலில் கலர்த்தாள். சங்கச் செயலர் சுஜின் மேடையேறி வாங்கினான். இறங்கும்போது என்னைப் பார்த்து, "யூடியூப் மாமாக்கு ஆறுதல் பரிசு இல்லியா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் நாங்கள் சர்ச் கலைவிழாவுக்குப் போன நேரத்தில் கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போட்ட ஒருவன் என் வாசலுக்குள் வந்து நட்சத்திரத்தைக் கம்பியால் அடித்து நொறுக்கினான். சிவப்பு அங்கி, பஞ்சுத் தாடி, பிளாஸ்டிக் முகமூடி. கேரல் பாட்டுக்கு அந்த வேஷம் கட்டுகிறவன் சுஜின்.

அவன் வலது கையை ஒடிக்கப் போகிறேன். இந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்னால். இதை யாரிடமும் மறைக்கவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

இணையத்தில் கண்டது: நார்வேயில் ஒரு சின்ன ஊரின் தெருமுனைக் கேமரா. உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பனி விழுகிறது. ஒரு கிழவர் தன் வாசலில் பனியை அள்ளி ஒதுக்குகிறார். பக்கத்து வீட்டுக்காரன் தன் பனியை அவர் பக்கம் தள்ளிவிட்டுப் போனான். கிழவர் ஒன்றும் செய்யவில்லை. நான் இருந்தால் அந்த மண்வெட்டியாலேயே போட்டிருப்பேன். அரைமணி நேரம் பார்த்தேன்.

இங்கே மழை. தரையைத் துடைக்கும் ரோபோ வாசற்படியில் வழுக்கி விழுந்து கவிழ்ந்து கிடந்தது. பத்துக்கு நான்கு.

டிசம்பர் 7, ஞாயிறு

எலி மறுபடி விளக்கு வயரைக் கடித்திருந்தது. நான் செய்த மின்பொறியில் இன்று மாட்டியது. பொறி சரியாக வேலை செய்கிறது, ஆனால் செத்துப்போக நேரமாகிறது. கம்பியால் முடித்துவைத்தேன். ராஜபாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

சர்ச்சுக்குப் போகவில்லை. பிரசங்கத்தைப் போனில் ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டேன். அந்த வேகத்தில் கேட்கத் தகுந்ததாகவே இருந்தது.

டிசம்பர் 9, செவ்வாய்

போன வருஷக் காட்சியை மறுபடி ஆராய்ந்தேன். படத்தில் தெரியும் பொருளை வைத்து மனிதனின் உயரத்தைக் கணக்கிடும் ஒரு தளம் கிடைத்தது. கேட் தூணை அளந்து போட்டேன். வந்த உயரம் சுஜினுடையது. ஊரில் பாதிப் பேர் அதே உயரம்தான், என் மகன் ஜெபின் உட்பட. அது பொருட்டல்ல.

பொருட்டானவை வேறு. வந்தவன் நேராகத் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் போய் நட்சத்திரத்துக்கு வரும் மின்சாரத்தை நிறுத்துகிறான். அந்த சுவிட்சை நான் ஒளித்துவைத்திருந்தேன். நட்சத்திரத்துக்கு அடியில் ராஜபாயின் தாய்க்கோழி குஞ்சுகளோடு படுத்திருந்தது. அவன் குனிந்து கோழியைத் தூக்கி, குஞ்சுகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கூட்டில் விட்டுக் கதவைச் சாத்துகிறான். அதன் பிறகுதான் கம்பியை எடுக்கிறான்.

எவ்வளவு நாள் எங்கள் வீட்டை நோட்டம் விட்டிருந்தால் சுஜினுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும்?

டிசம்பர் 10, புதன்

ஜெபினிடம் காட்டினேன். அவன் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு முடித்து வந்து பழஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இருபத்தொன்பது வயது ஆகிறது, ஒரு சர்க்கியூட் வரையத் தெரியாது.

"கோழியைத் தூக்குறான் பாரு. சுஜினுக்க நடிப்பு."

ஜெபின் தட்டை நகர்த்தினான். "அப்பா, அது சுஜின் இல்ல."

"பின்ன யாரு?"

அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் தலையை அசைத்தாள், வேண்டாம் என்பதுபோல.

"நான்னு வச்சுக்கிடுங்க."

"வச்சுக்கிடவா?"

"நான்தான். போன வருஷம் கிறிஸ்மஸுக்கு மொத நாளு அம்மா மிக்ஸி போட்டா. ஒங்க கம்ப்யூட்டரு அணைஞ்சு போச்சு. அதுக்கு அவளப் புடிச்சுத் தள்ளினீங்க. நெத்தில தையல் போட்டு, கிறிஸ்மஸ் அன்னைக்கு முக்காட்ட இழுத்து விட்டுக்கிட்டு சர்ச்சுல இருந்தா. நீங்க வாசல்ல நின்னு எல்லாருக்கும் நட்சத்திரத்தக் காட்டிட்டு இருந்தீங்க. என்னால அதப் பாக்க முடியல."

அவள் வழுக்கி விழுந்தாள். அடுக்களையில் எப்போதும் தண்ணீர் கிடக்கும். நான் கையை வீசியது உண்மை. வீசிய இடத்தில் அவள் நின்றாள்.

நண்பனைக் காப்பாற்ற மகன் தியாகி வேஷம் போடுகிறான். கையிலிருந்த டேப்லெட்டை அவன் தட்டுமேல் அடித்தேன். தட்டு உடைந்தது. டேப்லெட்டின் கண்ணாடியில் கீறல்கூட இல்லை. விளம்பரத்தில் சொன்னது சரிதான். பத்துக்கு எட்டு.

டிசம்பர் 11, வியாழன்

மழை. நட்சத்திரத்தின் நான்கு முனைகளுக்குப் பற்றவைப்பு முடிந்தது.

டிசம்பர் 13, சனி

ஊர் வாட்ஸப் குழுவில் கேரல் அட்டவணை வந்தது. எங்கள் தெரு 21ஆம் தேதி ஞாயிறு சாயங்காலம். சங்கத்துக்கு ஒரு பழைய முறை உண்டு. கேரல் போகும் தெருவில் ஒரு வீட்டையும் விட்டுவிடக் கூடாது. பகையாளி வீடானாலும் ஏறியாக வேண்டும். கொட்டுக்காரர்கள் கேட்டுக்கு வெளியே நிற்பார்கள், தாத்தா மட்டும் உள்ளே வந்து வீட்டுக்காரருக்குக் கை கொடுப்பார். வீட்டுக்காரர் அந்தக் கையைப் பிடித்தாக வேண்டும்.

குழுவில் எழுதினேன்: "என் வீட்டுக்கும் வரலாம். நீட்டுகிற கை முழுசாகத் திரும்பாது."

ஆயர் ஒரு வேதவசனம் போட்டார். யாரோ கைகூப்பிய பொம்மை போட்டார்கள். சுஜின் எழுதினான்: "நான்தான் மாமா வருவேன். டீ போட்டு வையும்."

டிசம்பர் 15, திங்கள்

முச்சந்தியில் சங்கத்துப் பிள்ளைகள் இந்த வருஷ நட்சத்திரத்தை இரும்பில் செய்கிறார்கள். என்னைப் பார்த்துத்தான். சுஜின் பற்றவைத்துக்கொண்டிருந்தான். நான் போய் நின்றேன்.

"மாமா, கண்ணாடி போட்டுட்டுப் பாரும். கண்ணு போயிரும்."

"போன வருஷம் எந்தக் கையால அடிச்ச?"

அவன் முகக்கவசத்தைத் தூக்கினான். "ஓய், எனக்கு ஜனவரில சவுதி. வெல்டிங் டெஸ்டு பாஸாயி விசா வந்தாச்சு. ஒடிக்கது உறுதின்னா ரெண்டு வருசம் பொறும். வந்ததும் நானே நீட்டித் தாறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் அந்த நட்சத்திரத்தை உதைத்தேன். பற்றவைத்த முனை சூடாறவில்லை, சரிந்து ஒருவன் காலில் பட்டது. அவன் கத்தினான். சுஜின் என் சட்டையைப் பிடித்தான். நான் அவன் காதில் ஒன்று வைத்தேன். அவன் திருப்பி அடிக்கக் கை ஓங்கினான். ஜெபின் எங்கிருந்தோ ஓடிவந்து நடுவில் விழுந்தான். அந்த அடி ஜெபினுக்கு. உதடு கிழிந்தது.

"வயசான மனுசன் லேய், விடு," என்றான் ஜெபின். வாயெல்லாம் இரத்தம்.

"வயசான மனுசனா? ஒனக்க அப்பன் ஊருல ஒருத்தனையும் வாழ விடமாட்டான், பாத்துக்க."

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன். காலர் முழுதும் கிழிந்திருந்தது. எழுபது வயதில் ஒருவன் காதில் விட்ட அடி இன்னும் உள்ளங்கையில் எரிகிறது. நன்றாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 17, புதன்

நட்சத்திரத்தில் மிஞ்சிய இரும்புக் குழாயில் ஒரு துண்டு வெட்டினேன். பிடிக்கு சைக்கிள் டியூபைச் சுற்றினேன். முதலில் நீளம் அதிகம், வாசற்கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. குறைத்தேன். வாழைத்தண்டில் அடித்துப் பார்த்தேன். இரண்டாவது அடி தேவைப்படவில்லை.

இணையத்தில் கண்டது: மனித எலும்பின் உறுதியைப் பற்றி ஒரு மருத்துவக் கல்லூரியின் பக்கம். மணிக்கட்டுக்குச் சற்று மேலே இரண்டு எலும்புகளும் மெலிந்திருக்கின்றன. படங்கள் நன்று.

ராஜபாய் பின்னால் வந்து நின்று பார்த்தாள். "இதெல்லாம் படிக்கதுக்குத்தான் ஒமக்கு இந்த எளவு நெட்டா?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை நீங்கள் என்று சொல்லி வந்தவள். இன்று ஒமக்கு.

டிசம்பர் 19, வெள்ளி

நட்சத்திரம் ஏறிவிட்டது. தென்னை உயரம். ஏணி நானே செய்தது, அடியில் நான்கு திருகுகள், மேட்டிலும் பள்ளத்திலும் ஆடாது. இருட்டத் தொடங்கியதும் இணைப்புக் கொடுத்தேன். மார்த்தாண்டம் போகிற பேருந்து முச்சந்தியில் நின்று பார்த்துவிட்டுப் போனது. ஓட்டுனர் இறங்கிப் போனில் படம் எடுத்தார்.

சுஜின் தன் வராந்தாவில் நின்று பார்த்தான். கை தட்டினான். கிண்டலா என்று தெரியவில்லை.

ஜெபின் கேட்டான், "அப்பா, இப்ப நட்சத்திரம் வந்தாச்சுல்லா. போதும்லா?"

"நட்சத்திரம் வேற, கை வேற."

"அவனுக்கு அந்தக் கை போச்சுன்னா சவுதி போச்சு. அவனுக்க தங்கச்சி படிப்பு போச்சு."

"என் நட்சத்திரம் போகும்போ அவன் யோசிச்சானா?"

"நான்தான்னு சொல்லியாச்சுல்லா."

"நிரூபி."

"சரி" என்றான் அவன். நிரூபிக்க ஒன்றும் கொண்டுவரவில்லை. வெளியே போய்விட்டான்.

டிசம்பர் 21, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கொட்டுச்சத்தம் தெருவுக்குள் வந்தது. ராஜபாய் அடுக்களையில் இருந்தாள். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். குழாய் கதவுக்குப் பின்னால். கேமரா ஓடியது.

கொட்டுக்காரர்கள் வெளியே நின்றார்கள். தாத்தா ஆடிக்கொண்டே உள்ளே வந்தான். அதே அங்கி, அதே தாடி, அதே முகமூடி. நட்சத்திரத்துக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்று அண்ணாந்து பார்த்தான். என் முன்னால் வந்து கையை நீட்டினான். நான் இடது கையால் பிடித்து வராந்தாவின் இரும்புக் கைப்பிடிமேல் வைத்தேன். வலது கையால் குழாயை எடுத்தேன். அவன் கையை இழுக்கவில்லை. ஒரே அடி. சத்தம் வாழைத்தண்டு மாதிரி இல்லை.

அடித்த வேகத்தில் முகமூடி மேலே ஏறிக்கொண்டது. ஜெபின்.

அவன் கத்தவில்லை. உட்கார்ந்தான். கை ஒரு இடத்தில் புதிதாக மடங்கியிருந்தது. கொட்டு நின்றுபோனது. ராஜபாய் ஓடிவந்து அவனை மடியில் இழுத்துக்கொண்டாள். சுஜின்தான் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனான்.

இப்படித்தான் நடந்தது.

டிசம்பர் 22, திங்கள்

இரண்டு எலும்புகளும் போயிருக்கின்றன. தகடு வைத்து ஆணி அடித்திருக்கிறார்கள். விரல் இரண்டு மடங்கவில்லை, நரம்பு என்றார் டாக்டர். பால்வெட்டுக் கத்தியை இனி அந்தக் கையால் பிடிக்க முடியுமா என்று கேட்டேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ஜெபின் தூங்கிக்கொண்டிருந்தான். சுஜின் வெளியே பெஞ்சில் இருந்தான், மடியில் அந்தச் சிவப்பு அங்கி, அதன் கைப்பகுதியை வெட்டியெடுத்திருந்தார்கள்.

"ஒமக்குத் தெரியுமா மாமா? கேரல் ரவுண்ட்ஸுக்கு முன்ன எனக்க வீட்டுக்கு வந்தான். காலப் புடிக்காத கொறையா அங்கிய வாங்கினான். நான் சொன்னேன், லேய், கெழவரு நெசமாவே அடிப்பாருன்னு. அதுக்கு அவன், 'யாரையாவது அடிச்சாத்தான் அவருக்கு ஆறும், அது நானா இருந்துட்டுப் போறேன்'னான். பின்ன, ஒருவேள அடிக்க மாட்டாரு, கையப் பிடிச்சாலே எனக்க கைன்னு தெரிஞ்சிரும்னும் சொன்னான்."

ரப்பர்ப்பால் பட்டுப் பட்டு ஜெபினின் உள்ளங்கை தோல் செருப்பு மாதிரி இருக்கும். ஊரில் பால்வெட்டுகிற எல்லாருக்கும் அப்படித்தான்.

டிசம்பர் 23, செவ்வாய்

ராஜபாய் வீட்டுக்கு வந்தாள், துணி எடுத்தாள். ஜெபினை ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் குலசேகரத்தில் அக்கா வீட்டுக்குப் போவார்களாம்.

"திரும்பி எப்ப?"

"நீரு இருக்க வீட்டுக்கா?" என்றாள். கோழிகளைச் சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டாள்.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்துமஸ். யாரும் வரவில்லை. ரோபோ அறை அறையாகத் துடைத்தது. துடைக்க ஒன்றுமில்லை.

டிசம்பர் 26, வெள்ளி

வாட்ஸப் குழுவில் ஆயர் எழுதியிருக்கிறார்: "நட்சத்திரம் கட்டும்போது ஏணியிலிருந்து விழுந்து கை முறிந்த தம்பி ஜெபினுக்காக ஜெபிப்போம்." கீழே வரிசையாக ஆமென்கள். சுஜினும் ஆமென் போட்டிருக்கிறான். கொட்டடித்தவர்கள் அத்தனை பேரும் போட்டிருக்கிறார்கள். விசாரித்தால் ஆஸ்பத்திரியில் ஜெபின் அப்படித்தான் சொல்லி எழுதவைத்திருக்கிறான். போலீஸ் வந்து கேட்டபோதும் ஏணி என்றே சொல்லியிருக்கிறான். என்னைக் காப்பாற்றுகிறார்களாம்.

என் ஏணியிலிருந்து யாரும் விழ முடியாது. இதை யாரும் யோசிக்கவில்லை. அந்த ஏணியை யார் வேண்டுமானாலும் வந்து ஆட்டிப் பார்க்கட்டும்.

எனக்கு யாருடைய பொய்யும் வேண்டாம். அங்கியைப் பார்த்து அடித்தேன், சுஜின் என்று நினைத்து அடித்தேன். அது நடந்த விஷயம், கேமராவில் இருக்கிறது. பென் டிரைவில் ஏற்றிவிட்டேன். நான் போட்டுப் பார்க்கவில்லை. நான் அங்கேதானே நின்றேன்.

டிசம்பர் 27, சனி

காலையில் ஸ்டேஷனுக்குப் போனேன். எஸ்.ஐ. என்னைவிடப் பாதி வயது. ஜெபினிடம் விசாரித்தவர் அவர்தான்.

"ஏணில விழுந்தான்னு முடிச்சாச்சு பெரியவரே. பின்ன எதுக்கு வந்தீரு?"

"அது பொய். நான் அடிச்சேன். ஆதாரம் இருக்கு."

அவர் பென் டிரைவை வாங்கித் தன் கணினியில் சொருகினார். பழைய கணினி, படம் திறக்கவில்லை. எந்தச் செயலி வேண்டும் என்று சொல்லி நானே இறக்கிக் கொடுத்தேன். திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் பார்த்தார். முதலில் நாற்காலியில் சாய்ந்து பார்த்தவர் நிமிர்ந்தார். பின்னுக்கு ஓட்டி மறுபடி பார்த்தார்.

"இத வீட்ல பாத்தீரா?"

"இல்ல."

"வாரும், இங்கன வந்து பாரும்."

எழுந்து போய் அவர் பின்னால் நின்றேன்.

படம் மிகத் தெளிவு. சிவப்பு அங்கிக்காரன் கையை நீட்டுகிறான். நான் பிடித்துக் கைப்பிடிமேல் வைக்கிறேன். பிடித்த கையை நான் விடவில்லை. என் கட்டைவிரல் அவன் உள்ளங்கைக்குள் போய்த் தடவிப் பார்க்கிறது. பிறகு இடது கையை எடுத்து முகமூடியைத் தூக்குகிறேன். ஜெபின் முகம். அவன் என்னைப் பார்க்கிறான், உதட்டில் பழைய கிழிசல் தெரிகிறது. அவன் என்னவோ சொல்கிறான். கொட்டுச்சத்தத்தில் கேட்கவில்லை. நான் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறேன். பிறகு முகமூடியைக் கீழே இறக்கி, தாடியை நேராக்கி, சரியாக மூடிவிடுகிறேன். கதவுக்குப் பின்னால் கையை நீட்டுகிறேன்.

எஸ்.ஐ. அங்கே நிறுத்தினார்.

ஸ்டேஷனில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஏட்டு போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"பையன் என்ன சொல்லுகான்?" என்றார் எஸ்.ஐ.

"கேக்கல."

"வாயப் பாத்தா தெரியும்லா ஒமக்கு."

தெரிந்தது. "அடிங்கப்பா" என்கிறான். அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அவர் பென் டிரைவை உருவி என் முன்னால் வைத்தார். "பெரியவரே, ஒமக்கு மகன் ஒருத்தன்தான். அவன் ஏணின்னு சொல்லிட்டான். இத எடுத்துட்டு வீட்டுக்குப் போவும். நான் ஒண்ணும் பாக்கல."

"கேஸ் எழுதுங்க."

"எழுதினா உள்ள போவணும்."

"எழுதுங்க சார்."

அவர் ஏட்டைக் கூப்பிட்டார். ஏட்டு எழுதினார், நான் சொல்லச் சொல்ல. தேதி, இடம், குழாயின் நீளம். எழுதி முடித்ததை வாசித்துக் காட்டச் சொன்னேன். வாசித்தார். கடைசி வரியில், "வேறொருவர் என நினைத்து, தன் மகன் என்று தெரியாமல் அடித்துள்ளார்" என்று அவராக ஒன்று சேர்த்திருந்தார்.

"அந்த வரி வேண்டாம்."

"ஒம்ம நல்லதுக்குத்தான் ஓய் போட்டிருக்கு."

"வெட்டுங்க."

ஏட்டு எஸ்.ஐ.யைப் பார்த்தார். எஸ்.ஐ. தலையாட்டினார். ஏட்டு அந்த வரியின் மேல் கோடு இழுத்துவிட்டு, அதற்குப் பதில் என்ன போட என்று கேட்டார்.

"மகன் என்று பார்த்த பிறகு அடித்தார்னு போடுங்க."

போட்டார். மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.